கைக்குழந்தைக்குத் தடுப்பூசி: பிரசவ வார்டிலிருந்து ஒன்றரை வயது வரை

என் மகளுக்கு மூன்றரை மாத ஊசி போட்ட அன்று அட்டையில் தேதியை எழுதிக் கொடுத்தார்கள். கணினியில் ஏற்றவில்லை. அது எனக்குத் தெரியவந்தபோது குழந்தைக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. இடைப்பட்ட நாட்களில் மகப்பேறு உதவித்தொகையின் தவணை நின்றுபோனது. தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கும் அம்மா ஊருக்கும் கோயம்புத்தூரில் நாங்கள் குடியிருக்கும் பகுதிக்குமாக ஐந்து முறை அலைந்தேன். "அங்கே கேளுங்கள்" என்று இங்கேயும், "இங்கே இல்லை" என்று அங்கேயும் சொன்னார்கள். மடியில் குழந்தை, தோளில் பை, கையில் அட்டை.

குழந்தைக்கு ஊசி போடுவது ஐந்து நிமிட வேலை. தேதியைச் சரியாகக் கணக்கிடுவது, போட்ட ஊசி பதிவில் ஏறியதா என்று பார்ப்பது, அன்று இரவு குழந்தையைக் கவனிப்பது, இவற்றில்தான் புதிதாகப் பெற்றோர் ஆனவர்கள் தடுமாறுகிறோம். தமிழ்நாட்டில் அரசு அட்டவணைப்படி தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

பிறந்த குழந்தைக்கு மூன்று தடுப்பு மருந்துகள் தரப்பட வேண்டும். கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலைக்கு எதிரான ஹெபடைடிஸ்-பி ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் போட வேண்டும். போலியோ சொட்டு மருந்தை, அதாவது 'பூஜ்ய' தவணையை, 15 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசியை இடது கையின் மேற்புறத்தில் கூடிய விரைவில் போட வேண்டும்.

ஹெபடைடிஸ் ஊசியின் 24 மணி நேரக் கெடு முக்கியமானது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று ஏறாமல் தடுக்க அதைக் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை, இரவுப் பிரசவம் என்று எதுவாக இருந்தாலும், குழந்தையைக் கையில் வாங்கிய பிறகு உடனிருப்பவர்களில் ஒருவர் செவிலியரிடம், "காமாலை ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்டுவிடட்டும். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் தாயால் இதைக் கேட்க முடியாது. கணவரோ பாட்டியோதான் கேட்க வேண்டும்.

பிசிஜியில் ஒரு சிக்கல் உண்டு. அந்த மருந்து பல குழந்தைகளுக்குப் போதுமான அளவில் ஒரே குப்பியில் வரும். கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இதனால் பிரசவம் குறைவாக நடக்கும் சில சிறிய மருத்துவமனைகளில், "குழந்தைகள் சேரட்டும், புதன்கிழமை வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் எந்தப் புதன், எந்த இடம் என்று தேதியோடு கேட்டு எழுதி வாங்குங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்கு வந்தால் தள்ளிக்கொண்டே போகும். ஒரு வயது வரை பிசிஜி போடலாம் என்பது விதி. அதற்காக ஒரு வயது வரை காத்திருக்க வேண்டாம்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, அதில் இந்த மூன்று மருந்துகளின் தேதிகள், டிஸ்சார்ஜ் சுருக்கம். அட்டையில் எழுதாமல் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மட்டும் எழுதியிருந்தால், அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள். பிறகு போகும் இடங்களில் யாரும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

பிறப்புச் சான்றிதழ் தனி விஷயம் என்றாலும் அதுவும் இங்கேதான் தொடங்குகிறது. 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையே விவரத்தை அனுப்பும். அதற்குக் கர்ப்ப காலத்தில் கிராம சுகாதார செவிலியர் கொடுத்த பிக்மி எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், வேண்டும். தனியார் மருத்துவமனையில் பிரசவம் ஆனாலும் இந்த எண்ணைக் கேட்பார்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

2. தேதியை வாரத்தில் எண்ணுங்கள், மாதத்தில் வேண்டாம்

நம் வீடுகளில் ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்கிறோம். அட்டவணையில் இருப்பது 6 வாரம், 10 வாரம், 14 வாரம். அதாவது 42, 70, 98 நாட்கள். மூன்றரை மாதம் என்று எண்ணினால் 105 நாள் ஆகிவிடும். ஒரு வாரத்தில் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் கக்குவான் இருமலும் நிமோனியாவும் மிகக் கடுமையாகத் தாக்குவது முதல் சில மாதக் குழந்தைகளைத்தான். பாதுகாப்பு ஒரு வாரம் முந்திக் கிடைக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

ஒரு எளிய வழி சொல்கிறேன். குழந்தை பிறந்த கிழமையிலேயே 42-ஆவது நாளும் வரும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி நாள் புதன்கிழமை. திங்களன்று பிறந்த குழந்தை என்றால் ஆறாவது வாரத் திங்களுக்கு அடுத்து வரும் புதனில் போகலாம். வியாழனில் பிறந்தது என்றால் ஆறு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒருநாள் முன்னதாக வரும் புதனுக்குப் போகலாமே என்று நினைக்கக் கூடாது. ஆறு வாரம் முடியாமல் போட மாட்டார்கள். முதல் ஊசி ஒரு புதனில் விழுந்துவிட்டால் பிறகு கணக்கு சுலபம். நான்கு புதன் தள்ளி அடுத்தது, இன்னும் நான்கு புதன் தள்ளி அதற்கடுத்தது. இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வார இடைவெளி கட்டாயம்.

நான் நாட்காட்டியில் இந்த மூன்று புதன்களையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். எங்கள் மாமனார் அதைப் பார்த்துத்தான் ஒருமுறை நினைவுபடுத்தினார்.

எதில் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாவது வாரத்தில் மூன்று ஊசி, இரண்டு வாய்வழி மருந்து. இடது தொடையில் பென்டா. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ்-பி, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் உண்டாக்கும் ஹிப் கிருமி என ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. வலது தொடையில் நிமோகோக்கல் ஊசி, அதாவது பிசிவி. வலது கையின் மேற்புறத்தில் தோலுக்குள் மிகச் சிறிய அளவில் போலியோ ஊசி. வாயில் போலியோ சொட்டும், வயிற்றுப்போக்குக்கு எதிரான ரோட்டா மருந்தும். பத்தாவது வாரத்தில் பென்டா மட்டும்தான் ஊசி; சொட்டும் ரோட்டாவும் உண்டு. பதினான்காவது வாரத்தில் மறுபடி மூன்று ஊசியும் இரண்டு வாய்வழி மருந்தும்.

"ஒரே நாளில் மூன்று ஊசியா, பச்சைக் குழந்தை தாங்குமா?" என்று என் அம்மா தயங்கினார். இது எல்லாப் பாட்டிமாருக்கும் வரும் கவலை. குழந்தையின் உடல் அவற்றைத் தாங்கும். பிரித்துப் போட்டால் அழுகையும் காய்ச்சலும் மூன்று நாட்களாகும், இரண்டு நோய்களுக்கான பாதுகாப்பு தள்ளிப்போகும், அவ்வளவுதான் பலன்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து அல்ல.

3. அரசு நிலையமா, தனியாரா?

மேலே சொன்ன அத்தனையும் அரசு நிலையத்தில் இலவசம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரோட்டாவும் நிமோகோக்கலும் தனியாரில்தான் கிடைக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இரண்டும் அரசு அட்டவணையில் சேர்ந்துவிட்டன. என் தோழி ஒருத்தி இந்த விவரம் தெரியாமல், நகையை அடகு வைத்து நிமோகோக்கல் ஊசி போட்டாள். வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் ஒரு தவணைக்கே மூவாயிரத்தைத் தாண்டும். ஆறு நோய்களுக்கான ஒரே ஊசியும் அப்படித்தான்.

தனியாரில் கூடுதலாகக் கிடைப்பவை: காய்ச்சல் குறைவாக வரும் வகை முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும்), தட்டம்மை-ரூபெல்லாவோடு பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர், டைஃபாய்டு, சின்னம்மை, ஹெபடைடிஸ்-ஏ, ஃப்ளூ. இவற்றில் எதைப் போடுவது என்று குழந்தை மருத்துவரோடு பேசி உங்கள் கைக்கு எட்டியதைத் தேர்ந்தெடுங்கள். காய்ச்சல் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அரசு நிலையத்தில் போடும் பென்டா அதே நோய்களைத் தடுக்கிறது. ஒரு நாள் காய்ச்சலைச் சமாளிக்க முடியும்.

இரண்டையும் கலந்தும் போடலாம். அடிப்படை ஊசிகளை அரசில், கூடுதலானவற்றைத் தனியாரில். அப்படிச் செய்தால் இரண்டு எச்சரிக்கை. தனியாரில் ஆறு நோய்களுக்கான ஊசி போட்டால் அதிலேயே போலியோ ஊசியும் அடங்கியிருக்கும். அடுத்த முறை அரசு நிலையத்தில் அதைச் சொல்ல வேண்டும். தனியாரில் போட்ட எதுவும் தானாக அரசுப் பதிவில் ஏறாது; நீங்கள்தான் கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டி ஏற்றச் சொல்ல வேண்டும்.

தனியாரில் போடும்போது விலையை முன்கூட்டியே பிரித்துக் கேளுங்கள். மருந்தின் விலை, மருத்துவர் கட்டணம், ஊசி போடும் கட்டணம் என்று மூன்று தொகைகள் சேரும். மருந்துப் பெட்டியைக் கையில் வாங்கிக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் தொகுப்பு எண் வில்லையை உரித்து அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள்.

4. கிளம்பும் நாள் காலை

பையில் வைக்க வேண்டியவை: அட்டை, பிக்மி எண், தாயின் ஆதார் நகல், பதிவில் கொடுத்த அலைபேசி எண் உள்ள போன், இரண்டு துணி, ஒரு பழைய வேட்டித் துண்டு. அலைபேசியைப் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பம் பதிவு செய்தபோது பலரும் கணவரின் எண்ணையோ அண்ணனின் எண்ணையோ கொடுத்திருப்பார்கள். பதிவு செய்யும்போது கேட்கும் கடவுச்சொல் (ஓடிபி) அந்த எண்ணுக்குத்தான் வரும். அவர் வேலையில் இருந்தால் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான். முதல் தடவையிலேயே தாயின் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உடை முக்கியம். முன்பக்கம் திறக்கும் சட்டை, கையைச் சுலபமாக வெளியே எடுக்கும்படி. கால்சட்டை வேண்டாம். இறுக்கமான இலாஸ்டிக் உள்ள டயப்பரும் வேண்டாம். ஊசி போட்ட தொடையின் மேல் அந்த விளிம்பு படிந்து அழுத்தும். முதல் தடவை என் மகளுக்குப் புது கவுன் போட்டுக்கொண்டு போய், செவிலியர் காத்திருக்க, நான் பொத்தானைக் கழற்ற முடியாமல் திணறினேன்.

வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம். ரோட்டா மருந்துக்கோ சொட்டு மருந்துக்கோ முன்னும் பின்னும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. காய்ச்சல் வரும் முன்பே பாரசிட்டமால் கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள்.

லேசான சளி, மூக்கடைப்பு, லேசான காய்ச்சல் இவற்றுக்காக ஊசியைத் தள்ள வேண்டாம். நேரில் போங்கள், செவிலியரோ மருத்துவரோ பார்த்து முடிவு செய்யட்டும். முந்தைய ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால், உடலெங்கும் தடித்து மூச்சுத் திணறியிருந்தால், குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் குறைபாடு இருந்தால், கடும் வயிற்றுப்போக்கு இருந்தால், அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

செலவு? நகரங்களில் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு ஆன செலவு திரும்பி வரும்போது பிடித்த ஆட்டோவுக்கு மட்டும்தான். காலையில் சீக்கிரம் போங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அழும் பத்துக் குழந்தைகளுக்கு நடுவே உங்கள் குழந்தை பால் குடிக்காது.

5. ஊசி போடும் இடத்தில்

குழந்தையை மேசையில் கிடத்துவதைவிட மடியில் வைத்துக்கொள்வது நல்லது. முகத்தை உங்கள் நெஞ்சோடு சேர்த்து, ஒரு கையால் கால்களை மெதுவாக, ஆனால் அசையாமல் பிடியுங்கள். கால் உதறினால்தான் வலி அதிகம். ஊசி முடிந்த கையோடு பால் கொடுங்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு வீறிட்டு அழுத என் மகள், மார்பில் போட்ட ஒரு நிமிடத்துக்குள் அடங்கி, விக்கி விக்கிக் குடித்தாள்.

குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். மருந்து வெப்பத்தில் கிடந்தால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். உள்ளே இருக்கும் சதுரம் வெளியே இருக்கும் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்ல நிலையில் இருக்கிறது. காட்டச் சொன்னால் காட்டுவார்கள். கேட்பதில் தவறில்லை, எங்கள் செவிலியர் மகிழ்ச்சியோடு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

ரோட்டா மருந்தைக் குழந்தை துப்பிவிட்டால் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள்.

பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதற்கான மருந்து அவர்களிடம் இருக்கும். பஸ் வருகிறது என்று ஓடிவிடாதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். இன்று என்னென்ன போட்டீர்கள்? இரவு என்ன வரலாம், வந்தால் என்ன செய்வது? அடுத்து எந்தத் தேதி? அட்டையில் எழுதிவிட்டீர்களா?

ஐந்தாவதாக நான் சேர்த்துக்கொண்ட கேள்வி: "கணினியில் ஏற்றிவிட்டீர்களா, நான் பார்க்கலாமா?" திரையில் என் மகளின் பெயருக்கு நேரே அன்றைய தேதி தெரிவதைப் பார்த்த பிறகே எழுந்திருப்பேன். நெட்வொர்க் இல்லை, மாலையில் ஏற்றுவோம் என்றால் செவிலியரின் அலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு மறுநாள் கேளுங்கள். மத்திய அரசின் யூ-வின் தளத்தில் நீங்களே அலைபேசி எண்ணால் நுழைந்து குழந்தையின் பதிவைப் பார்க்கலாம், சான்றிதழும் இறக்கிக்கொள்ளலாம்.

அட்டையை ஒவ்வொரு முறையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பால் கறையும் எண்ணெயும் பட்டு என் அட்டையில் பத்தாவது வாரத் தேதி கலைந்தேபோனது; படம்தான் காப்பாற்றியது.

6. அன்று இரவும் மறுநாளும்

பென்டா ஊசிக்குப் பிறகு காய்ச்சல், சிணுங்கல், தொடையில் சிவப்பும் வீக்கமும் சகஜம். பெரும்பாலும் அன்று மாலை தொடங்கி இரண்டு நாளில் தணியும். இருநூறு ரூபாய் அளவில் டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுப் பார்த்துக் "கொதிக்கிறது" என்று சொல்வதை வைத்து மருந்து கொடுக்கக் கூடாது.

பாரசிட்டமாலில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. இதை நிதானமாகப் படியுங்கள். கடைகளில் துளி மருந்தும் கிடைக்கிறது, சிரப்பும் கிடைக்கிறது. துளி மருந்து மிகவும் அடர்த்தியானது. பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம். 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. குழந்தைக்கான அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நான்கு கிலோ குழந்தைக்கு 40 முதல் 60. துளி மருந்தில் அது அரை மில்லி. 125 மில்லிகிராம் சிரப்பில் சுமார் 2 மில்லி. சிரப்புக்குச் சொன்ன 2 மில்லியைத் துளி மருந்தில் கொடுத்துவிட்டால் நான்கு மடங்கு ஆகிவிடும், கல்லீரல் பாதிக்கும். ஆகவே செவிலியரிடமோ மருத்துவரிடமோ அன்றைய எடைக்கு, நீங்கள் வைத்திருக்கும் பாட்டிலைக் காட்டி, எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். அதோடு வரும் அளவுக் குழலிலேயே கொடுங்கள், சமையலறை ஸ்பூனில் வேண்டாம். இரண்டு தடவைக்கு இடையே நான்கு முதல் ஆறு மணி நேரம் இருக்கட்டும், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் போக வேண்டாம். கொடுத்த நேரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். நீங்கள் கொடுத்தது தெரியாமல் மாமியார் இன்னொரு தடவை கொடுத்துவிடுவதும் நடக்கும். ஆஸ்பிரின் எந்த நிலையிலும் கூடாது.

வீங்கிய இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கலாம். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்த்தல், மஞ்சள் பற்று, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். அந்தத் தொடையை நீவிவிடக் கூடாது. அன்று எண்ணெய்க் குளியலையும் காலை நீட்டி நீவும் சடங்கையும் நிறுத்திவிடுங்கள், துடைத்துவிட்டால் போதும். அழுகை நிற்கவில்லை என்று வசம்பு சுட்டு உரைப்பார்கள், உரை மருந்து கொடுப்பார்கள், சர்க்கரைத் தண்ணீர் என்பார்கள். பெரியவர்களின் மனம் புண்படாமல் மறுத்துவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அடிக்கடி, கேட்கும்போதெல்லாம். காய்ச்சலடிக்கிறது என்று போர்வையால் சுற்றாதீர்கள். மெல்லிய பருத்திச் சட்டை போதும்.

தொடையில் பட்டாணி அளவு கட்டி வலியில்லாமல் சில வாரம் இருக்கலாம். தானே கரையும்.

பிசிஜி வேறு மாதிரி. போட்ட அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துச் சிறு கொப்புளம் எழும்பி, உடைந்து, சீழ்போல் கசிந்து, பிறகு காய்ந்து தழும்பாகும். இதற்குள் இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். பார்க்கப் பயமாக இருக்கும். களிம்பு, பவுடர், கட்டு எதுவும் வேண்டாம், கிள்ளவும் வேண்டாம். அக்குளில் நெறி பெரிதாகக் கட்டினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்பு விழாவிட்டாலும் மறுபடி போடத் தேவையில்லை.

7. எப்போது காத்திருக்கக் கூடாது

மூச்சுத் திணறல், முகமோ உதடோ வீங்குதல், உடல் முழுதும் தடிப்பு, வலிப்பு, உடல் துவண்டு வெளிறுதல், எழுப்பினாலும் எழாத மயக்கம்: உடனே 108.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இரண்டு நாள் கடந்தும் தணியாத காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, ஊசி போட்ட இடம் நாளுக்கு நாள் பெரிதாகிச் சூடாவது: அன்றே மருத்துவமனை. ஒன்றரை மாதக் குழந்தை காய்ச்சலோடு சோர்ந்து பால் குடிக்காமல் கிடந்தால் இரண்டு நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அப்போதே போங்கள்.

ரோட்டா மருந்து கொடுத்த அடுத்த சில நாட்களில் குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, விட்டு விட்டு வீறிட்டு, காலை வயிற்றோடு மடக்கி அழுதால், மலத்தில் ரத்தம் வந்தால், குடல் செருகலாக (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது) இருக்கலாம். மிக அரிது. ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கே போவது என்று புரியாவிட்டால் 104-இல் ஆலோசனை கேட்கலாம்.

8. அம்மா வீட்டிலிருந்து ஊர் மாறும்போது

நான் விழுந்த குழி இதுதான். நம் வழக்கப்படி பிரசவத்துக்கு அம்மா வீடு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீடு. சரியாக மூன்று தவணைகளின் நடுவே இந்த மாற்றம் வருகிறது. அம்மா ஊர் செவிலியர் நீங்கள் போய்விட்டதாக நினைப்பார். இங்கே இருப்பவருக்கு நீங்கள் வந்ததே தெரியாது.

கிளம்பும் முன் அம்மா ஊர் செவிலியரைப் பார்த்து, அதுவரை போட்டவை எல்லாம் பதிவில் ஏறியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். புது ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே, ஊசி நாள் வரும் வரை காத்திராமல், பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு அட்டையோடு போய், பிக்மி எண்ணைக் கொடுத்து உங்கள் பதிவை அந்தப் பகுதிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த நிலையம் என்று தெரியாவிட்டால் தெருவில் இருக்கும் அங்கன்வாடியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஊர் மாறியதற்காக ஊசி போட யாரும் மறுக்கக் கூடாது. பதிவு மாறாமல் போட்டால்தான் எனக்கு நேர்ந்தது நேரும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பணப் பிரச்சினையும்கூட. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகள் மூன்றாம் பென்டாவும் ஒன்பது மாத ஊசியும் பதிவில் ஏறினால்தான் வரும். வங்கிக் கணக்கு தாயின் பெயரில், ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். எனக்கு நின்றுபோன தவணை, அட்டையின் நகல், பாஸ்புக் நகல், பிக்மி எண் மூன்றையும் சேர்த்து எழுத்தில் கொடுத்த பிறகே வந்தது. வாயால் சொன்ன நான்கு முறையும் வீண்.

9. தவணை தவறிவிட்டால்

வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு மாதம் தாமதமானாலும் முன்பு போட்டது வீணாகாது. பென்டாவையும் ரோட்டாவையும் ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று யாராவது கடிந்துகொண்டால் பொறுத்துக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

போலியோ முகாமில் சொட்டு மருந்து கொடுத்தது வழக்கமான தவணைக்கு ஈடாகாது. வழக்கமான தவணை முடிந்துவிட்டது என்று முகாமைத் தவிர்ப்பதும் சரியல்ல. இரண்டும் தனித்தனி.

10. ஒன்பது மாதம், பிறகு பதினாறு மாதம்

ஒன்பது மாதம் என்றால் ஒன்பது முடிந்து பத்து நடக்க வேண்டும். நாம் 'ஒன்பதாம் மாதம் நடக்கிறது' என்று சொல்வது எட்டு முடிந்த குழந்தையை. அதை நம்பிப் போய்த் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று தட்டம்மை-ரூபெல்லா ஊசி வலது கையில், போலியோ ஊசியின் மூன்றாம் தவணை இடது கையில், நிமோகோக்கல் கடைசித் தவணை தொடையில். சில மாவட்டங்களில் மூளைக்காய்ச்சலுக்கான ஜே.இ. ஊசியும் உண்டு. வாயில் வைட்டமின்-ஏ திரவம் ஒரு மில்லி. அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மில்லியாக ஐந்து வயது வரை தொடரும். ஊசி இல்லாத காலத்தில் இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

தட்டம்மை ஊசிக்குக் காய்ச்சல் அன்றே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் சிவப்புப் பொரியும் வரலாம். அம்மை போட்டுவிட்டது என்று வேப்பிலை கட்டி வீட்டுக்குள் வைத்துவிடாமல், ஊசித் தேதியை ஒருமுறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். மறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது 16 முதல் 24 மாதத்துக்குள்: தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்க ஊசி, போலியோ சொட்டு, ஜே.இ. உள்ள மாவட்டங்களில் அதன் இரண்டாம் தவணை. நடக்கத் தொடங்கிய குழந்தை, தாயும் வேலைக்குத் திரும்பியிருப்பாள், நினைவுபடுத்த யாரும் இல்லை. பதினாறு மாதம் முடிந்தவுடன் வரும் புதனைக் குறித்துவிடுங்கள், 24 மாதம் வரை இழுக்காதீர்கள். இந்த முறை நடக்கும் காலில் ஊசி விழுவதால் குழந்தை ஒரு நாள் நொண்டலாம், பயப்பட வேண்டாம்.

அதற்குப் பிறகு ஐந்து வயதில் ஒரு முத்தடுப்பு ஊக்க ஊசி இருக்கிறது. பள்ளிச் சேர்க்கையின்போது அட்டையையும் கேட்கலாம். ஆகவே பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே அட்டையையும் வையுங்கள். என் மகளின் அட்டையில் பதினாறாவது மாதப் பகுதி இன்னும் காலியாக இருக்கிறது. வரும் ஆடி மாதத்தில் ஒரு புதன், சிவப்பு வட்டம் போட்டாயிற்று.